ஆறிப்போகும் தார்

நண்பகல் வெயிலில், தெருமுனையில் கொட்டப்பட்ட தார்க்கலவையின் புகை அடங்கி வெகுநேரமாகிறது. அதை அழுத்த நகராட்சியிடம் இருப்பதோ ஒரே ரோலர். அதுவும் டீசலின்றி ஊரின் மறுகோடியில் நிற்கிறது. மேஸ்திரி கைபேசியைக் காதிலிருந்து எடுக்கிறார்: "டீசலுக்கு அதிகாரி கையெழுத்து நாளைக்குத்தானாம்." பள்ளங்களுக்கு அஞ்சி ஆட்டோக்காரர் எவரும் நுழையாத அத்தெருவின் முதல் வீட்டு வாசலில், நிறைமாத மகளைத் தாங்கியபடி தாய் நிற்கிறாள். "அண்ணே, சூடு இருக்கறப்பவே மண்வெட்டியால தட்டி விட்டுடுங்களேன். இவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு." "தட்டி விட இது என்ன தலையணையாம்மா? ரோலர் ஏறலன்னா முதல் மழையிலயே பேந்துடும்." "மழைக்கு முன்னாடி புள்ள பொறந்துடும்ண்ணே." மேஸ்திரி குனிந்து, கலவையின்மேல் உள்ளங்கையைப் பதிக்கிறார். வைத்த கையை எடுக்க வேண்டாத அளவுக்கு அது ஆறியிருக்கிறது.