இரண்டு அடைப்புக்குறிகள்

பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

பட்டியலை எடுப்பதே அவள்தான்.

காலையில் மனிதவளத் தலைவர் அவளைக் கண்ணாடி அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, "நாம எல்லாம் ஒரு குடும்பம்" என்று தொடங்கினார். குடும்பத்திலிருந்து யாரையெல்லாம் அனுப்பலாம் என்பதற்கு மூன்று நிபந்தனைகள் தந்தார். வேலைநீக்கம் என்ற சொல்லை வாயால் தொடவே இல்லை. 'உரிய அளவாக்கம்' என்றார், தையற்காரர் மாதிரி.

வயது நாற்பத்தைந்துக்கு மேல். அவர்களில், கையில் புராஜெக்ட் இல்லாதவர் அல்லது மதிப்பீடு மூன்றுக்குக் கீழே உள்ளவர்.

அவர் சொன்ன வரிசையிலேயே கணினி நிரலில் எழுதிப் போனாள்.

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. மதிப்பீடு இரண்டு. பிள்ளை பெற்ற ஆண்டில் அதற்கு மேல் யாரும் வாங்கியதாக அங்கே வரலாறு இல்லை.

தவறு எங்கே என்று தெரியவில்லை. மூன்று முறை மேலிருந்து கீழே படித்தும் பிடிபடவில்லை.

பக்கத்து இருக்கையில் பரஞ்சோதி. இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்.

ஆனால் விஷயம் ரகசியம். அதனால் புதிதாக ஒரு பக்கம் திறந்து, ஆட்களை மாம்பழங்களாக்கினாள். வயது, பறித்து எத்தனை நாள் என்று ஆனது. புராஜெக்ட் இல்லாதவர், விலைபோகாத பழம். மதிப்பீடு, தரம்.

"சார், ஒரு நிமிஷம்."

நாற்காலியோடு உருண்டு வந்தார்.

"என்னம்மா, பழ மண்டி வச்சுட்டியா?"

அவள் சிரித்தாள். சிரிக்க முடிந்தது.

"'and'டும் 'or'ரும் ஒண்ணா வந்தா, 'and' முதல்ல போய் முன்னாடி ரெண்டு கண்டிஷனையும் கட்டிக்கும். அப்புறம் மூணாவது தனியா நிக்கும், தரம் கொறஞ்ச புதுப் பழமெல்லாம் உள்ள வந்துடும், பாவம். பின்னாடி ரெண்டையும் பிராக்கெட்ல அடை."

அவரே அடைத்தார்.

"இப்ப பாரு. நாள்பட்டது மட்டுந்தான் வரும்."

அவர் திரும்பியதும் பழங்களை மறுபடி ஆட்களாக்கினாள்.

பத்தொன்பது பேர். அவள் பெயர் இல்லை.

மூச்சு விட்டாள்.

பிறகுதான் மற்றப் பெயர்களைப் படித்தாள்.

பதினொன்றாவது வரி. கே. பரஞ்சோதி. நாற்பத்தேழு. மதிப்பீடு இரண்டு.

இருநூற்றுப் பன்னிரண்டிலும் அவர் இருந்திருக்கிறார். அவள்தான் தன் பெயரைக் கண்டதும் படிப்பதை நிறுத்தியிருந்தாள்.

நான்காவதாக ஒரு நிபந்தனை சேர்த்தாள்: பெயர் பரஞ்சோதி அல்ல.

யார் சேர்த்தது என்று கேட்பார்கள்.

அழித்தாள்.

அங்கே எந்த நிரலும் இரண்டு பெயர் இல்லாமல் மேலே போகாது. எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

"வேல செஞ்சுதாம்மா?"

"செஞ்சுது சார்."

"மாம்பழமோ மண்ணாங்கட்டியோ, ஆபீஸ் வேலதானே? சரிபார்த்தவர்னு என் பேரப் போட்டு விடு. போன வருஷம் ரெண்டுதான் குடுத்தானுங்க. நாலு எடத்துல பேரு தெரிஞ்சாத்தான் இந்த வாட்டியாவது ஏத்துவாங்க."

அவள் அடிக்கத் தொடங்கினாள்.

"இனிஷியல விட்டுடாதம்மா," என்றார் அவர், தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "வேற பரஞ்சோதின்னு நெனச்சுக்கப் போறாங்க."