தேய்மானப் பாடத்தின் ரசிகை

“அந்தத் தேய்மானப் பாடத்த மட்டும் எடுத்துராதிங்கோ சார். என்ன எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தாரோம்” என்றார் நூர்முகம்மது. உடன்குடிக் கருப்பட்டியை மொத்தமாக வாங்கி விற்கிற மனுஷர். பாடத்தை நீக்கப்போகிறார்கள் என்று கேட்டதுமே, எதிராளி பேரம் தொடங்கும் முன்னே தாமாக இறங்கி வந்தது அவர் வியாபாரத்தில் அன்றுதான் முதல் தடவையாக இருக்கும்.

பேராசிரியர் அம்மையப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருநெல்வேலியிலிருந்து காயல்பட்டினம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலி போன இடம் தெரியவில்லை.

விஷயம் இதுதான். தொலைநிலைக் கல்வியில் எம்.காம். படிக்கிறவர்களுக்காக அவர் கணக்கியல் பாடங்களை வீடியோவாகப் பேசிப் போட்டிருந்தார். நேரடி வகுப்புக்கு வீடியோ பாடம் கொஞ்சமும் இளைத்ததல்ல என்று நிரூபிப்பதுதான் அவருடைய மூன்று வருஷ ஆராய்ச்சி.

சரக்கு போணியாகவில்லை. வீடியோப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சிவகணேஷ் போன வாரம் அவரைக் கூப்பிட்டு விட்டான்.

“அண்ணாச்சி, உங்க வீடியோவ எவனும் மூணு நிமிசத்துக்கு மேல பாக்க மாட்டேங்கான். மாசக் கடைசியில எல்லாத்தையும் தூக்கப் போறாங்க.”

“அப்ப என் ஆராய்ச்சி?”

“அதுவும் கூடவே போவும்.”

“ஒருத்தர் கூடவா பாக்கல?”

“ஒரே ஒரு பிள்ளை பாக்குது. காயல்பட்டினம், தஸ்மியான்னு பேரு. மூணாம் பாடம் தேய்மானத்த மட்டும் தெனம் ரெண்டு தடவ, மூணு தடவ. ஒரு நாள் விடல. எதுக்கும் ஒரு டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க அண்ணாச்சி.”

பொறாமை என்று அம்மையப்பன் அதை ஒதுக்கிவிட்டார். அந்தப் பிள்ளையிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிவிட்டால் வீடியோவும் பிழைக்கும், ஆராய்ச்சியும் பிழைக்கும்.

நூர்முகம்மதின் மகள் தஸ்மியா, அந்த ஊர் வழக்கப்படி கல்யாணமான பிறகும் தாய்வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளை யாசர் சவூதியில், தம்மாமில். வெளி ஆண்கள் வந்தால் முன்கூடத்தோடு சரி, உள்வாசலில் கனத்த பச்சைத் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, பெண்கள் பேச்சு. தஸ்மியாவும் அங்கேதான் நின்றாள்.

“மத்த பாடமெல்லாம் பாத்தியா தாயி?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார் அம்மையப்பன்.

“போட்டுப் பாத்தேன் சார். அதுல எல்லாம் நீங்க எடையில எடையில மேசயத் தட்டிருதீங்க. மூணாம் பாடந்தான் ஒரே சீரா இருக்கு.”

‘ஒரே சீரான நடை’ என்று அவர் குறித்துக்கொண்டார். பிறகு கொண்டுவந்த தாளை நூர்முகம்மதிடம் நீட்டினார். “வீடியோ பாடம் நேரடி வகுப்புக்குச் சமம்னு பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“சமம்னு போடணுமா, மேலன்னு போடணுமா? நமக்கு ஒண்ணுதான்.”

“சமம் போதும்.”

“கூடவே போட்டுத் தாரோம் சார், கொண்டுபோங்கோ.”

“வாப்பா, நேர்ல கேக்காம எப்பிடிச் சமம்னு போடுதது?” என்றது திரை.

அம்மையப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்விதானே? நூர்முகம்மது பதில் சொல்லும் முன்னே, அவர் மனைவி சித்தி ஜனாபாவின் குரல் உள்ளிருந்து வந்தது. “காலையிலேருந்து நெட்டும் இல்ல. சாரையே ஒரு தடவ சொல்லச் சொல்லுங்கோ.”

“சொல்லிருங்கோ சார்” என்றார் நூர்முகம்மது. “மூணாம் பாடம். இங்கன இருந்தே சொல்லுங்கோ, உள்ள கேக்கும்.”

முப்பது வருஷ உத்தியோகத்தில் பாடம் நடத்தச் சொல்லி யாரும் அவரைக் கெஞ்சியதில்லை. அம்மையப்பன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தேய்மானம் எனப்படுவது, ஒரு நிலையான சொத்தின் மதிப்பானது பயன்பாட்டினாலும் காலத்தினாலும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதாகும்...”

நேர்கோட்டு முறை வந்தது. குறைந்து செல் மதிப்பு முறை வந்தது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, தண்டவாளத்தில் சரக்கு ரயில் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் வீடே நிசப்தமாகிவிட்டது. நூர்முகம்மது நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். இப்படி ஒரு வகுப்பு தனக்குக் கல்லூரியில் என்றைக்கு அமைந்தது என்று நினைத்ததில் அம்மையப்பனுக்குக் கண் கலங்கியது. எஞ்சிய மதிப்பைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுக்காமல் சமாளித்துக்கொண்டார்.

திரை பைய விலகியது. தலையில் துப்பட்டியை இழுத்துவிட்டபடி தஸ்மியா எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அம்மையப்பன் பேனா மூடியைக் கழற்றினார். “இப்பச் சொல்லு தாயி. வீடியோவும் நேரடியும் சமந்தானே?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நேரடிதான் சார் மேல. வீடியோவுல புள்ள இம்புட்டுச் சீக்கிரம் தூங்க மாட்டான்.”