இளகாத டிராயர்

"போன் அடிச்சா ரெண்டு பேரும் மூச்சுக் காட்டக் கூடாது. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்குங்க" என்றார் தலைமையாசிரியை.

மரச்சாமான் கடைக்காரர் தலையாட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி இப்போதே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அரசு ஆரம்பப் பள்ளியின் அந்த அறை மூன்று பேருக்கே நெருக்கியடித்தது. ஜன்னலுக்கு வெளியே வராண்டா பெஞ்சில் அவர்களுடைய மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய தனியார் உயர்நிலைப் பள்ளி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்கும். பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்டி, கடைசியில் இவளும் வேறொரு பள்ளிப் பையனும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். தலைமையாசிரியர்களிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு இன்றைக்கு முடிவு சொல்லிவிடுவார்களாம்.

"மேடம், பாத்துத் தாராளமா சொல்லுங்க. இதுல கஞ்சத்தனம் பண்ணிடாதீங்க" என்றார் கடைக்காரர்.

"போன வருஷம் ஒரு பையனைப் பத்தித் தாராளமாத்தான் சொன்னேன். தங்கம்னேன், வைரம்னேன். என்ன பிரயோஜனம்? எடுத்துக்கலையே."

சொல்லிக்கொண்டே அவர் பேனா எடுக்க மேசை டிராயரை இழுத்தார். வரவில்லை. முஷ்டியால் ரெண்டு குத்து விட்டு இழுத்ததும் அலறிக்கொண்டு திறந்தது.

கடைக்காரர் சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார். அவர் கடை மேசை. விற்கும்போதே அந்த டிராயருக்கு அந்தக் குணம் உண்டு. மறுநாளே புகார் வந்தபோது "பழகப் பழக இளகிடும் மேடம்" என்று சொல்லி அனுப்பியவரும் அவரேதான்.

"மூணு வருஷமாச்சு. இன்னும் இளகல" என்றார் தலைமையாசிரியை, அவர் பக்கம் திரும்பாமலே.

போன் அடித்தது.

"ரிசீவர் கெட்டுப் போச்சு. ஸ்பீக்கர்லதான் பேசணும்" என்று பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம் மேடம். அட்மிஷன் விஷயமா பேசறேன். உங்க ஸ்கூல் பொண்ணைப் பத்தி..."

"எந்தப் பொண்ணு?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசி ரெண்டு பேர்ல வந்திருக்காளே மேடம்."

"ஓ, அவளா? நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க. அவளை விட்டுடுங்க சார். அந்தப் பையனையே எடுத்துக்குங்க."

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் மேடம், படிப்பு சுமாரா?"

"கணக்கெல்லாம் நல்லாத்தான் போடுவா. போர்டுல நான் தப்பாப் போட்டா என்னையே நிறுத்திக் கேப்பா. வாய் கொஞ்சம் நீளம். எல்லா ஸ்கூலும் அதைத் தாங்கிக்காது."

"என்னங்க, இந்தம்மா இப்படிக் குழி பறிக்குது" என்று மனைவி கைக்குட்டைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

"மேசை" என்றார் கடைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்த டிராயர் ஆத்திரத்தை நம்ம பொண்ணு மேல தீர்த்துக்குது."

தலைமையாசிரியை கண்ணை உருட்டினார். இருவரும் கப்சிப்.

"நேர்முகத்துல எங்களுக்கு அவளைப் பிடிச்சிருந்ததே மேடம்" என்றது போன்.

"எல்லாருக்கும் பிடிக்குது சார். அதான் தொல்லை. வேற ஒரு ஸ்கூல்ல கிட்டத்தட்ட பேசி முடிச்ச மாதிரிதான்."

"எந்த ஸ்கூல்?"

"அதை நான் சொன்னா நல்லாருக்காது."

போனில் வந்த குரலில் விறைப்பு ஏறியது. "சரி மேடம். அப்போ பையனுக்கே குடுத்துடறோம்."

"ரொம்ப சந்தோஷம். வெச்சிடட்டுமா?"

விரல் பொத்தானை நோக்கிப் போனது. கடைக்காரர் எழுந்தே விட்டார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எதிரில் நிற்பவர் முகத்தைப் படித்தே இத்தனை வருஷம் சோறு தின்ற மனிதர்; இந்த முகத்தில் அவருக்கு ஓரெழுத்தும் விளங்கவில்லை. வெளியே மகள் ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அவரால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

விரல் பொத்தானைத் தொட்டது.

"இருங்க மேடம், இருங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றது போன். "பெத்தவங்க சரின்னு சொன்னா இடம் அவளுக்குத்தான். சாயங்காலமே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அட்மிஷன் போட்டுடறோம்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறாது மேடம்."

"கேட்டுப் பாக்கறேன். பெருசா நம்பிக்கை வெச்சுக்காதீங்க."

பொத்தானை அழுத்திவிட்டு, தலைமையாசிரியை அப்போதுதான் மூச்சு விட்டார். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தார். மனைவி கைக்குட்டையை வாயிலிருந்து கண்ணுக்கு மாற்றினாள்.

கடைக்காரருக்கு அழுவதா, சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை. "மேடம், பெத்தவங்க நாங்க. எங்களுக்கே தெரியாம பேசி முடிச்சது எந்த ஸ்கூலு?"

தலைமையாசிரியை மேசையை உள்ளங்கையால் தடவினார்.

"இதை நான் வாங்க வந்தப்போ, 'தர முடியாது மேடம், ஒரு டாக்டர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்காரு'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களே, ஞாபகம் இருக்கா? நானும் பதறிப் போயி, டிராயரை இழுத்துக்கூடப் பாக்காம அன்னிக்கே தூக்கிட்டு வந்தேன்."

கடைக்காரர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். அப்படி ஒரு டாக்டர் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் இதுநாள் வரை நினைத்திருந்தார்.

"அந்த டாக்டர் நடத்துற ஸ்கூல்தான்" என்றார் தலைமையாசிரியை.