இன்றைய சொல்: காங்ரிகேட்

மனைவியின் புகைப்படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அவர் போனைக் கையில் எடுத்தார். எழுபது தாண்டிய வயதில் இஸ்திரி போட்ட சட்டை, மீசைக்குத் தனிச் சீப்பு. பூசியிருந்த சென்ட்டுக்கு ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயே மயங்கி விழுந்திருக்கும்.

மறுமுனையில் மணி ஒரு தடவை முழுசாக அடிப்பதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது.

"நூலகச் சொல் உதவி மையம். சொல்லுங்க சார்."

"மேடம், இங்கிலீஷ்ல 'காங்ரிகேட்'னு ஒரு வார்த்தை. அர்த்தமும் தெரியல, எங்கேருந்து வந்ததுன்னும் தெரியல."

தெரியாதாவது! ஆயுசு முழுக்க அகராதிப் பதிப்பகத்தில் பிழை திருத்தியவர். பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வார்த்தையின் லத்தீன் வேரை மண்ணோடு பிடுங்கிக் கையில் கொடுப்பார்.

ஆனால் மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு பேசுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் உறுமல். மையத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல்தான் கேட்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவருக்கு விடிந்தது. பொய் சொன்னால் அவர் மூக்கைச் சொறிவார் என்பது மனைவிக்குத் தெரியும். படத்துக்கு அந்தத் தண்டனை அதனால்தான்.

"சட்டுனு சொல்லிடறேன் சார், லைன்ல ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் மேடம், எப்போதும் போல. அத்தனை கூட்டத்திலும் தனக்கு ஒரு நாள்கூட 'பிஸி' என்று வந்ததில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

"காங்ரிகேட்னா ஒண்ணு கூடுறது சார். வீட்ல பேசுற வார்த்தை இல்ல, கோட்டு சூட்டு போட்ட வார்த்தை. லத்தீன்ல 'கான்'னா சேர்ந்து. அதுக்கப்புறம்... இருங்க, கண்ணாடியை எங்கேயோ வச்சிட்டேன்..."

"'கிரெக்ஸ்' மேடம்! மந்தை. மந்தையாச் சேர்றது."

பிழை திருத்திய வாய், சும்மா இருக்குமா? சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுமுனையில் கண்ணாடி தேடும் சத்தம் நின்றது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

தெரிந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று அவர் எண்ணை முடக்கிவிட்டால், நாளையிலிருந்து ஃபிரிட்ஜிடம்தான் அர்த்தம் கேட்க வேண்டும்.

"எல்லா வார்த்தையும் தெரியும் மேடம். பேசத்தான் ஆள் இல்ல. மத்தவங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க. வச்சிடறேன்."

"ஐயோ, வச்சிடாதீங்க!"

அந்தக் கூச்சலுக்குப் பின்னால் குக்கர் ஒன்று நீளமாக விசில் அடித்தது. நூலகத்தில் குக்கரா?

"அந்த மையத்தை மூடி ஒரு வருஷம் ஆச்சு சார்" என்றது குரல், ரொம்ப மெதுவாக. "நம்பரை மட்டும் கெஞ்சிக் கேட்டு என் வீட்டுக்கு மாத்திக்கிட்டேன்."

அவர் கை தானாகப் போய் மனைவியின் படத்தை இந்தப் பக்கம் திருப்பியது.

"அப்ப லைன்ல காத்திருக்காங்க, காத்திருக்காங்கன்னு தினம் சொல்வீங்களே மேடம், அது யாரு?"

"நான்தான் சார்."