ஒரு குறையும் இல்லை

சகலையின் பட்டறைக்குப் போவதென்றால் செக்கர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். எரிவதற்கு ஏதாவது வேண்டாமா?

மின்விசிறிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் குறை கண்டுபிடிக்கிற வேலை. பெயரே செக்கர் என்று ஆகிவிட்டது. சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், அதே கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் வேலையை உதறிவிட்டுச் சக்கர நாற்காலி செய்யப் போனான்.

"ஆறே மாசம். அதே நாற்காலியில உட்கார்ந்து திரும்பி வருவான் பாரு," என்றார் செக்கர்.

வரவில்லை. இப்போது அவனிடம் பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். கம்பெனியோ இந்த மாசத்தோடு மூடுகிறது.

"ஐம்பத்து மூணு வயசுல உங்களை யாரு கூப்பிடப் போறா? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா? எனக்கு வணக்கம் சொல்லிட்டு நின்னவன்டி அவன்!"

"இப்பவும் சொல்றாரே."

"அதான் எரியுது."

வேலை கேட்க அவர் போகவில்லை. குறை சொல்லத்தான் போவார். அதுவும் நாற்காலி வாங்க ஆள் வந்து நிற்கிற நேரமாகப் பார்த்து.

"கைப்பிடி வழுக்குது. வேர்த்த கை நிக்காது."

"கால் வைக்கிற பலகை கணுக்காலை இடிக்கும். உட்காருற பெரியவர் உன்னைத்தான் திட்டுவார்."

"என்ன சகலை இது, நாற்காலியா, தண்டனையா?"

வந்தவர் முகம் சுருங்கும். சகலை மட்டும், "சரிங்கண்ணே. வேற?" என்பான். வேறயும் சொல்வார். அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம் வரும்.

போன வாரம் போனபோது சகலை வெளியே போயிருந்தான். சுவரில் ஒரு பலகை தொங்கியது. மேலே 'அண்ணன் சொன்னது' என்று எழுதியிருந்தது. கீழே வழுக்கல், கணுக்கால் என்று பதினாறு குறை. பதினாறையும் சரிசெய்து, கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

வெல்டிங் வைக்கிற பெண் முகமூடியைத் தூக்கினாள். "நீங்கதான் அந்த அண்ணனா? இதெல்லாம் மாத்தின பிறகுதான் பெரியாஸ்பத்திரியில அறுபது நாற்காலி எடுத்தாங்க. அதுக்காகத்தான் என்னையே வேலைக்கு வச்சாங்க. நீங்க நல்லா இருக்கணும்!"

செக்கருக்குத் தலை சுற்றியது. அவர் கொட்டினது விஷம். இந்தப் பயல் அதை உரமாகப் போட்டு வெள்ளாமை எடுத்திருக்கிறான்!

இனி இவனுக்கு ஒரு குறை சொன்னால் நான் மனுஷனே இல்லை என்று கறுவிக்கொண்டு வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சகலையே வந்தான். கூடவே அவனுடைய தொழில் கூட்டாளி, ஆள் நல்ல கனம். இருவருமாக ஒரு புது நாற்காலியைக் கூடத்துக்குள் உருட்டி வந்து, இரண்டு பக்கமும் பிரேக் போட்டு நிறுத்தினார்கள்.

"வணக்கம்ணே. புது மாடல். என்ன குறைன்னு பார்த்துச் சொல்லுங்க."

செக்கர் ஒரு பார்வைதான் பார்த்தார். இடது பக்க பிரேக் கட்டை சக்கரத்தைத் தொடவில்லை. நடுவே நூலளவு வெளிச்சம். நட்டு தளர்ந்திருக்கிறது. உட்கார்ந்தால் நாற்காலி பின்னால் ஓடும்.

"பிரமாதம்," என்றார்.

அடுப்படியில் மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கல்யாணமான நாளாய் அவர் வாயில் கேட்காத வார்த்தை.

"நல்லா பாருங்கண்ணே," என்றான் சகலை. குரல் கெஞ்சியது.

"பார்த்தாச்சு. ஒரு குறையும் இல்ல."

"அப்ப நான் உட்காரலாமா?" என்றார் கூட்டாளி.

"தாராளமா."

கூட்டாளி நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தார். பிறகு சகலையைப் பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தீங்களா? இடது பிரேக் நட்டை நான்தான் கழட்டி விட்டேன். எங்க அண்ணன் கண்ணுக்குத் தப்பாதுன்னீங்க, செக்கிங் வேலையை அவருக்குத்தான் கொடுக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னீங்க. சொந்தக்காரர்ங்கறதுக்காகக் கொடுக்க முடியுமா? இதுல உட்காரப் போறவங்க விழுந்தா எழுந்திருக்க முடியாதவங்க."

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். செக்கர் அவளைப் பார்க்கவில்லை. வீடு தேடி வந்த வேலை. வாயாலேயே கெடுத்தாகிவிட்டது.

சகலை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நட்டு கழண்டிருந்தா, நாற்காலி ஏன் பின்னால ஓடலை?"

கூட்டாளியின் சிரிப்பு நின்றது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இடது சக்கரத்துக்குப் பின்னால் செக்கரின் வெறுங்கால். கட்டைவிரல் நசுங்கிச் சிவந்திருந்தது. அது எப்போது அங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

"அண்ணன் வாய் எப்படி வேணா பேசிட்டுப் போகட்டும்," என்றான் சகலை. "எனக்கு இந்தக் கால் போதும். திங்கட்கிழமை வந்துடுங்கண்ணே."

செக்கருக்குக் கண் கலங்கியது. வலியாகத்தான் இருக்க வேண்டும்.

"முதல்ல இந்த ஆளை எழுந்திருக்கச் சொல்லு," என்றார். "வலது பக்கக் கைப்பிடியில ஒரு ஸ்க்ரூ லூசு. அதை யாரு கழட்டினது?"

கூட்டாளி எழுந்து, குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தார். ஸ்க்ரூ ஆடியது.

அதை யாருமே கழட்டவில்லை.