சொட்டு விடாத குழாய்

“பால்கனியில இருக்கிறதே ஏழு தொட்டி. அதுக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய் போட மூணு வாரமா?” சுல்மா எரிந்து விழுந்தாள்.

“போட்டப்ப நல்லாத்தான் சொட்டுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அடைச்சுக் கிடக்கு. நான் என்ன பண்ண?”

“பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. ஜெரேனியம் வாடுது பாரு.”

எல்பியோ ஊசியால் குழாயின் துளையைக் குத்தினான். ஈரமான மாத்தே இலைத்தூள் வந்தது. சுல்மா தினமும் காலையில் தேநீர் போல மாத்தே போட்டுக் குடித்துவிட்டுக் கொட்டும் தூள். யாரோ விரலால் அழுத்தித் திணித்திருந்தார்கள்.

நிமிர்ந்தான். அவள் அவசரமாகச் செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்பியோ தூளைச் சத்தமில்லாமல் துளைக்குள்ளேயே திணித்தான்.

“இது இன்னைக்குச் சரியாகாது. அடுத்த ஞாயிறும் வரணும்.”

“வந்து தொலை. சாப்பாட்டு நேரத்துக்கே வா.”

விவாகரத்தான பிறகு அவள் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.