படியாத பேரம்

“மாசாமாசம் வாடகை கட்டுற சிஸ்டமா? என் கடையில நானே வாடகைக்கு உக்காரணுமா தம்பி? வேற காட்டுங்க” என்று லேப்டாப்பை ஒரு விரலால் தள்ளிவிட்டார் நாகநாதன்.

தமிழ்மாறன் சிரித்துக்கொண்டான். தஞ்சாவூர் வெப்சைட் கம்பெனி ஒன்றின் பெயர் போட்ட பையை மாட்டிக்கொண்டு, வீடு இருக்கும் குடவாசலில் பஸ் ஏறி, புதன்கிழமை தவறாமல் நீடாமங்கலத்துக்கு வந்துவிடுகிற பிள்ளை. “கடையில கூட்டம், பேச முடியாது” என்று அவனை வீட்டுக்கே வரவழைத்திருந்தார் நாகநாதன்.

விஷயம் சின்னதுதான். அரிசி மண்டிக்கு ஒரு வெப்சைட். அதில் சரக்கு, படம், விலை எல்லாவற்றையும் கடைக்காரரே மாற்றிக்கொள்ள எந்த மென்பொருள் தோது? குறுவை அறுப்பில் தொடங்கிய இந்தப் பேச்சு, சம்பா கதிர் வாங்கிய பிறகும் முடிந்தபாடில்லை.

“அப்ப இதைப் பாருங்க சார். இது ஓசி. யாருக்கும் வாடகை கிடையாது, சொந்த வீடு மாதிரி.”

“சொந்த வீடுன்னா ஓடு மாத்துறது, ஒழுகுனா அடைக்கிறது எல்லாம் யாரு?”

“நாமதான் சார். அப்பப்ப அப்டேட் போடணும். விட்டுட்டா கண்டவனும் உள்ள பூந்துடுவான்.”

“பாத்தீங்களா! ஓசின்னதுமே நெனச்சேன்.” நாகநாதன் முகத்தில் பத்து வயது குறைந்தது. “சரி, விலையை ஊருக்கே தெரியற மாதிரி எழுதிப் போட்டுட்டா, வர்றவன் அப்புறம் என்கிட்ட என்னத்தப் பேசுவான்?”

“விலையே போட வேணாம் சார். ‘விலைக்கு அழைக்கவும்’னு ஒரு பட்டன் வெச்சிடலாம்.”

“நான் சோத்துல கை வெக்கிறப்பதான் கூப்புடுவானுங்க.”

“சாப்பாட்டு நேரத்துல பட்டன் மறைஞ்சிடும் சார்.”

“கணக்கப்பிள்ளை இருப்பை மட்டும் மாத்தணும். வேற எதையும் தொடப்படாது.”

“ஆளுக்கொரு சாவி சார். அவர் சாவிக்கு அந்த ஒரு அறைதான் தெறக்கும்.”

நாகநாதன் யோசித்தார். எங்கே தடவிப் பார்த்தும் இன்னொரு நொட்டை கையில் சிக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு” என்று வாய் தவறி வந்துவிட்டது. முடிந்தது கதை, இனி இவன் ஏன் வரப்போகிறான்?

“அவசரப்படாதீங்க சார்” என்றான் தமிழ்மாறன். “இதுல தமிழ் எழுத்து சில போன்ல ஒடஞ்சு தெரியும். புதுசா இன்னொண்ணு வந்திருக்கு. அதையும் ஒரு பார்வை பாத்துட்டு முடிவு பண்ணலாம். அடுத்த வாரம் கொண்டாறேன்.”

நாகநாதன் அவனை உற்றுப் பார்த்தார். அரிசி பேரத்தில் கதிராமங்கலத்துக்காரனிடமும் பேசியிருக்கிறார், காரைக்கால்காரனிடமும் பேசியிருக்கிறார். படிந்த பேரத்தைத் தன் கையாலேயே கலைக்கிற விற்பனைக்காரனை அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு யோக்கியமான பிள்ளையையா ஏய்க்கிறோம்?

ஏனென்றால் மண்டி என்று ஒன்று இல்லவே இல்லை. மனைவி தர்மாம்பாள் போய்ச்சேர்ந்த கையோடு, தோஹாவிலிருக்கும் மகன் சொன்னான் என்று விற்றாயிற்று. இப்போது அங்கே செல்போன் கடை. அந்தத் தெருப்பக்கம் அவர் போவதில்லை.

விடிந்தால் அடைந்தால் பேசிப் பேசியே வளர்ந்த வாய் அது. இப்போதெல்லாம் விலைச்சீட்டு ஒட்டிய கடையில் வேண்டியதை எடுத்து நீட்டி, மிஷின் காட்டியதைக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பிவிட முடிகிறது. வியாழன் முதல் செவ்வாய் வரை அப்படித்தான் போகிறது. புதன்கிழமை மட்டும்தான் வீட்டில் இரண்டு டம்ளர் காபி.

சொன்னால் அந்தப் புதனும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் பிழைப்பில் மண். வெயிலில் வந்த வியர்வை இன்னும் அவன் சட்டையில் காயவில்லை.

“லேப்டாப்பை மூடுங்க தம்பி.”

“ஏன் சார்? வேற யாராச்சும் கொறைச்சுத் தர்றேன்னாங்களா?”

“யாரும் வரல. எனக்குக் கடையே கெடையாது தம்பி. போன வருஷமே வித்தாச்சு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பேச ஆளில்லாம உங்களை இழுத்தடிச்சிட்டேன். தப்பு எம் மேலதான். உங்க மேனேஜர் நம்பரைக் குடுங்க, நானே பேசி மன்னிப்புக் கேட்டுடறேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வரப்படாது.”

தமிழ்மாறன் நம்பர் தரவில்லை. கோபப்படவும் இல்லை. ஆடை படிந்துவிட்ட காபியை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தான்.

“கம்பெனியைத் தீபாவளிக்கு முன்னாடியே இழுத்து மூடிட்டாங்க சார்” என்றான். “வீட்ல இன்னும் சொல்லல.”